ஹட்டனுக்கு வந்து ஆறு வாரம். மகனுக்கு டிஸ்லெக்ஸியா, யாரைப் பார்ப்பது?

கோவைப்பெண்:
வணக்கம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து குடும்பத்தோடு இலங்கைக்கு, ஹட்டனுக்கு வந்திருக்கிறோம். மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமம். ஊரில் ஸ்பெஷல் டீச்சர் ஒருவர் வாரம் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். இங்கே சிங்களமும் சேர்ந்துகொண்டது. நேற்று ராத்திரி ஒரே வரியை அழித்து அழித்து எழுதியதில் நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. "நான் மக்காம்மா?" என்று கேட்டான். நாளை மறுநாள் பள்ளியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது?

கொட்டகலை அண்ணன்:
முதலில் கண்ணைச் சோதியுங்கள் தங்கச்சி. என் பேத்திக்குக் கண்ணாடி போட்டதும் வாசிப்பு சரியாகிவிட்டது.

தலவாக்கலை டீச்சர்:
கண்ணைச் சோதிப்பது நல்லதுதான் அண்ணன், ஆனால் டிஸ்லெக்ஸியா கண் கோளாறு இல்லை. காதில் விழும் ஒலியை எழுத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். புத்தி குறைவும் இல்லை. 'கெ' என்று எழுதிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்', தாளில் முதலில் வருவது கொம்பு. நமக்குக் கண் பழகிவிட்டது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் அதை யோசித்துத் தாண்ட வேண்டும். மகனுக்கு என்ன வயது? அரச பாடசாலையா, தனியாரா?

மதுரை டூ நுவரெலியா:
நான் வந்தது 2022இல், பொருளாதார நெருக்கடி நேரத்தில். சமையல் காஸ் இல்லை, கரண்ட் இல்லை, துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அழுதுகொண்டே படித்தாள். ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. அவசரப்படாதீர்கள்.

பண்டாரவளை அப்பா:
இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தால் உடனே தமிழுக்கு மாற்றுங்கள். ஒரு மொழி குறையும்.

தலவாக்கலை டீச்சர்:
மாற்றினால் குழப்பம்தான் கூடும். டிஸ்லெக்ஸியா எந்த மொழிக்கும் கூடவே வரும்.

பண்டாரவளை அப்பா:
எங்கே படித்தாலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, டியூஷன் என்று பிழிகிறார்கள். தரம் 3 பிள்ளைக்கே சனி, ஞாயிறு கிடையாது.

கொட்டகலை அண்ணன்:
உண்மை. அதுவும் தோட்டப் பக்கத்தில் பஸ் கூலியே பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

மஸ்கெலியா அக்கா:
டியூஷன் கதையை அப்புறம் பேசலாம், அந்தத் தாய் நாளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும். தங்கச்சி, ஆறு மாதம் காத்திருக்காதே. என் மகனுக்கு அப்படிக் காத்திருந்தேன்; அதற்குள் அவன் வாசிப்பதையே வெறுத்துவிட்டான். ஊரில் எடுத்த மதிப்பீட்டு ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுபோ. எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையில் எழுதுவதைத் தாளாகக் கொடுங்கள், தெரிந்த பாடத்தை வாயால் கேளுங்கள் என்று கேள். இதற்குச் செலவே இல்லை. ரிப்போர்ட் பழசானால் பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் குழந்தை மனநல கிளினிக்குக்குப் போ; நாள் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஹட்டனிலிருந்து கண்டி பஸ் அந்த வழியாகத்தான் போகும். அரச பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேள்.

கோவைப்பெண்:
மன்னியுங்கள், பதற்றத்தில் எதையும் சொல்லவில்லை. பத்து வயது. தனியார் பள்ளி, லண்டன் பாடத்திட்டம் (பிரிட்டிஷ் பரீட்சைகளுக்கானது). ரிப்போர்ட் 2023இல் எடுத்தது.

தலவாக்கலை டீச்சர்:
அப்படியென்றால் இன்னொன்று. லண்டன் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம், பெரும்பாலும் 25 சதவீதம். ஆனால் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் வகுப்பிலேயே அவன் அப்படி எழுதிப் பழகியதற்குச் சான்றோடு. அதனால் வகுப்புத் தேர்வுகளில் இப்போதே நேரம் கேளுங்கள். சிங்களத்துக்கு இந்தத் தவணை பேசப் பழகினால் போதும், எழுத்து பிறகு வரட்டும் என்றும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ராத்திரி பதினைந்து நிமிடத்துக்கு மேல் எழுத வைக்காதீர்கள்.

கோவைப்பெண்:
ரிப்போர்ட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். காலையில் இரண்டு நகல் எடுக்கிறேன். அக்கா, பேராதனைக்கு அவனையும் முதல் தடவையே கூட்டிப்போக வேண்டுமா?

மஸ்கெலியா அக்கா:
கூட்டிப்போ. அந்த ஓட்டை விழுந்த நோட்டையும் எடுத்துக்கொள்.