கட்சி சாராத வாக்காளர் மன்றம்: வார்டு அளவில் நிதி திரட்டுவது எப்படி, என்ன வேலை செய்வது?

கேள்வி: பம்மல்_வாசி

வணக்கம். தாம்பரம் மாநகராட்சியில் ஒரு வார்டு. நான்கு தெருக்காரர்கள், இரண்டு அடுக்குமாடி நலச்சங்கங்கள் சேர்ந்து எந்தக் கட்சிக்கும் சாயாத வாக்காளர் மன்றம் ஒன்றைத் தொடங்கப்போகிறோம். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் ஓர் ஒழுங்கு வந்துவிட வேண்டும். மூன்று சந்தேகம்.

1. பணம் எப்படி வசூலிப்பது? இப்போதைக்கு ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். ஒரு நகைக்கடைக்காரர் 5,000 நோட்டீஸ் அடித்துத் தருகிறாராம், கடை பெயர் கீழே வர வேண்டும்.
2. பெயர் சேர்க்கும் முகாம் போட்டால் படிவங்களை நாங்களே வாங்கி மொத்தமாகக் கொடுக்கலாமா?
3. வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது சட்டப்படி சரியா?

"100 சதவீதம் வாக்களிப்போம்" என்று மனிதச் சங்கிலி நிற்பதோடு முடிந்துவிடக் கூடாது.

பதில் 1: ரசீது_புத்தகம்

முதலில் அந்த ஜிபே யோசனையை விடுங்கள். தனிநபர் கணக்கில் விழும் பணம் கணக்குப்படி அவருடைய பணம். வருமான வரியில் அவர் பதில் சொல்ல வேண்டும், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் மன்றத்துக்குப் பேச்சே இல்லை.

வழி இரண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதிவது ஒன்று. அல்லது ஏற்கெனவே பதிவான நலச்சங்கத்தின் குடைக்குள் தனிக் குழுவாக இருப்பது. இரண்டாவது சுலபம்போலத் தெரியும், ஆனால் நலச்சங்கத்தின் துணைவிதியில் 'குடிமை விழிப்புணர்வு' என்ற நோக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பொதுக்குழுவில் திருத்தம் போட்டு அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு ரூபாய் எடுத்தாலும், தீர்மானம் இல்லாத பட்சத்தில், முதல் சண்டை அங்கேதான்.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான், அதே பெயரில் வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் பொருளாளர் கட்டாயம். கியூஆர் கோடு அந்தக் கணக்குக்கு மட்டும். கியூஆரில் ஒரு தொல்லை உண்டு. வங்கி அறிக்கையில் யூபிஐ முகவரி வரும், யார் எந்த வீடு என்று தெரியாது. அதனால் அனுப்பும்போதே குறிப்பில் பெயர், கதவு எண் போடச் சொல்லுங்கள், அன்றைக்கே ரசீது கிழியுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து பொருத்திப் பார்க்க முடியாது.

ரசீது புத்தகம் அச்சில் எண் போட்டது, மேல்தாள் வெள்ளை, அடித்தாள் மஞ்சள், நடுவில் கார்பன். அடித்து எழுதினால் கிழிக்காதீர்கள். 'ரத்து' என்று குறுக்கே எழுதி இரண்டு தாளையும் புத்தகத்திலேயே விடுங்கள். எண் தொடர்ச்சி உடைந்தால் தணிக்கையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உண்டியல் வைக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வரிவிலக்குப் பதிவு பெற்ற பொதுநல அமைப்புக்குப் பெயரில்லா நன்கொடை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், எது அதிகமோ அதுவரை தாங்கும். அதற்கு மேல் 30 சதவீதம் வரி. உங்கள் அளவுக்கு வரி வராது. ஆனால் வரி பிரச்சினை அல்ல, 'அந்தக் கட்சிக்காரன்தான் கொண்டுவந்து போட்டான்' என்று ஒருவன் சொன்னால் மறுக்க உங்களிடம் ஒரு தாள் இருக்காது. நடுநிலை மேல் முதல் சந்தேகம் பணத்தின் வழியாகத்தான் வரும்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால், நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய பதிவு தேவை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, பழைய படிவ எண்ணைச் சொல்லி ஆடிட்டரை ஓட்டாதீர்கள். முதல் இரண்டு ஆண்டு அந்தப் பதிவே வேண்டாம் என்பது என் கருத்து. நூறும் இருநூறும் தருபவர் சலுகை கேட்பதில்லை.

நகைக்கடை விஷயம்: வேண்டாம். கடைக்காரரின் மைத்துனர் அடுத்த மாதம் சீட் வாங்கினால் உங்கள் நோட்டீஸ் 5,000 வீட்டில் அவருக்கு விளம்பரம். தனிநபராக அவர் கொடுக்கட்டும், ரசீது வாங்கட்டும், லோகோ கிடையாது. ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு, கட்சிப் பொறுப்பில் இருப்பவர், கவுன்சிலர், மாநகராட்சி ஒப்பந்ததாரர் மூவரிடமும் வாங்குவதில்லை, தேர்தல் தேதி அறிவித்த நாள் முதல் முடிவு வரும்வரை வசூல் நிறுத்தம். இந்த மூன்றையும் துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு எவரையும் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டியதில்லை, விதியைக் காட்டினால் போதும்.

பதில் 2: பாகம்_எண்_தேடுபவர்

இரண்டாவது கேள்விக்கு: மொத்தமாகக் கொடுக்க முடியாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மற்றவர்களின் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். அமைப்புகள் கட்டாகக் கொண்டுவந்தால் தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி வாங்கமாட்டார்கள். ஆகவே முகாம் என்பது நீங்கள் வாங்கிக் கொடுக்கும் இடமல்ல, அவரவர் போனில் அவரவரே பதிவு செய்ய உதவும் இடம். ஓடிபி அவரவர் எண்ணுக்கே வரும்.

கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படிவம் 15 முதல் 20 நிமிடம் இழுக்கும். மூன்று மேஜை, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை என்றால் 25, 30 பேர்தான். 'அனைவரும் வாரீர்' என்று நோட்டீஸ் அடித்தால் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள், அடுத்த முகாமுக்கு வரமாட்டார்கள். தெருவாரியாக நேரம் கொடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது படிவத் தேர்வில். புதிதாகச் சேர 6. வீடு மாறினால், பிழை திருத்த, அட்டை தொலைந்தால் 8. வேளச்சேரியிலிருந்து பம்மலுக்கு வந்தவர் 6 போட்டால் இரண்டு இடத்தில் பெயர் நிற்கும். அந்தப் படிவத்திலேயே 'வேறெங்கும் பெயர் இல்லை' என்ற உறுதிமொழி உண்டு, பொய்யானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். உட்காரும் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி: 'இதற்கு முன் எங்கே ஓட்டுப் போட்டீர்கள்?'

அடுத்தது தமிழ்ப் பெயர். ஆங்கிலத்தில் அடித்தால் ஆணையத்தின் இணையதளம் தானாகத் தமிழில் நிரப்பும். தமிழ்ச்செல்வி 'டமில்செல்வி' ஆகிவிடும், இனிஷியல் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். தமிழ்க் கட்டத்தைத் தனியாகப் படித்துக் காட்டிய பிறகே சமர்ப்பியுங்கள். இதற்காகவே ஒரு மேஜைக்குத் தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

போட்டோ வெள்ளைப் பின்னணி, 4.5 x 3.5 செ.மீ. வயது, முகவரிச் சான்றுகளில் அவரவரே கையெழுத்திட்ட நகல். விடுதி மாணவருக்கு முகவரிச் சான்று இல்லையென்றால் கல்லூரி முதல்வர் தரும் சான்றிதழ் போதும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நான்கு மாதத்தின் முதல் தேதியும் தகுதி நாள், 17 முடிந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இது தெரிவதேயில்லை.

பதிந்தபின் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) சரிபார்க்கப் பகலில் வருவார், வீடு பூட்டியிருக்கும், 'ஆள் இல்லை' என்று நிராகரிப்பு ஆகும். விண்ணப்ப எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து நிலை பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் நகல் எதையும் மன்றம் வைத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஆதார் படம் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள்.

இன்னொன்று. இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7. தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம் என்பதால் மன்றத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் நாற்பது, ஐம்பது போட்டுவிடுவார்கள். அதில் இரண்டு தவறாக இருந்தால் 'எங்கள் ஆட்களின் ஓட்டை வெட்டினார்கள்' என்று பெயர் வாங்குவீர்கள். குடும்பத்தாரைக் கொண்டே போட வையுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்குத் தனியாகப் பெயர் சேர்ப்பது கிடையாது, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டுவாரியாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிப்பில் ஒரே தெருவின் இரட்டைப்படை வீடுகள் பக்கத்து வார்டுக்குப் போயிருக்கும். வரைவு வந்ததும் தெருவில் நடந்து கதவு எண்ணோடு ஒத்துப் பாருங்கள். மனிதச் சங்கிலியைவிட இந்த ஒரு நாள் உபயோகமானது.

பதில் 3: மேடை_நடுவர்

வேட்பாளர் சந்திப்பு நடத்தலாம். வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த பிறகு, களத்தில் உள்ள அத்தனை பேருக்கும், சுயேச்சை உட்பட, ஒரே நாளில் ஒரே வாசகத்தில் கடிதம். கையெழுத்து வாங்கி நகல் வையுங்கள். இடத்துக்குக் காவல் நிலைய அனுமதி. உட்காரும் வரிசையும் பேசும் வரிசையும் குலுக்கல். ஒருவருக்கு 5 நிமிடம், கேள்விகள் முன்கூட்டி எழுத்தில்.

ஒரே ஒருவர் மட்டும் வந்தால் கூட்டத்தை ரத்து செய்யுங்கள், நாற்காலிக்காரருக்குப் பணம் போனாலும் பரவாயில்லை. அது அவருடைய பிரச்சாரக் கூட்டமாகிவிடும், வேட்பாளரின் எழுத்து அனுமதியில்லாமல் அவருக்காகச் செலவழித்த குற்றச்சாட்டும் மன்றத்தின் மேல் வரலாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எதுவும் வேண்டாம்.

சொத்து, வழக்கு ஒப்பீட்டுத் தாள் போடுவதானால் பிரமாணப் பத்திரத்தில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள், 'வெறும்', 'இத்தனை' போன்ற ஒட்டுச்சொல் கூடாது. அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி கீழே கட்டாயம் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு தாள் போதும், வாக்காளருக்கு ஒன்று வேண்டாம். 9,000 வாக்காளர் உள்ள வார்டில் 3,000 பிரதிதான் ஆகும், நகைக்கடை தேவைப்படாது.

பம்மல்_வாசி: நன்றி சார். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தெருக்காரர் 10,000 தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ரசீது_புத்தகம்: பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் முதல் பக்க நகல் ஒன்று கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பினாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் தொடக் கூடாது. எதுவானாலும் உங்கள் உச்சவரம்பு 5,000தானே? மீதியை அடுத்த ஆண்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பாகம்_எண்_தேடுபவர்: தேர்தல் தேதி அறிவித்தபின் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு வண்டியில் போகாதீர்கள், பறக்கும் படை நிறுத்தினால் ரசீது புத்தகம் மட்டும் போதாது. பந்தல்காரருக்கும் அச்சகத்துக்கும் காசோலைதான்.

இடைப்பட்ட காலத்துக்கு ஒரு வேலை: பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று முதல்வர் கலந்துகொண்ட கூட்டம் உங்கள் பம்மலில்தான் நடந்தது. கூட்ட அறிவிப்பு, தீர்மான நகல் இரண்டையும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் சேருங்கள். வேட்பாளர் மேடையில் கேட்கக் கேள்வி அந்தக் கோப்பிலிருந்தே வரும்.