முன் சக்கரத்தில் மட்டும் ஏபிஎஸ்: பின் பிரேக்கை எப்படிக் கையாள்வது?

முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக்கை ஓட்டுபவர்களிடம் ஓர் ஆலோசனை வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது என்பதும், அது பூட்டிக்கொண்டால் சமாளிக்க அவகாசமே இராது என்பதும் தெரிந்தவையே. ஆகவே அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. சிக்கல் பின் சக்கரத்தில்தான். ஈரச் சாலையில் பெடலைச் சற்று அழுத்தி மிதித்தாலே அது சுழற்சி நின்று பக்கவாட்டில் வழுக்குகிறது. அதே நேரத்தில் முன் லீவரில் ஏபிஎஸ்ஸின் துடிப்பும் விரலில் தெரிவதால், எந்தச் சக்கரம் பிடியை இழந்தது என்பதே குழம்பிவிடுகிறது. வண்டி கோணலாகிவிட்ட பிறகு பெடலைச் சட்டென விட்டால் டயர் திடீரெனப் பிடித்து ஓட்டுபவரையே தூக்கியெறியக்கூடும் என்பதால், அந்நிலையில் நீங்கள் காலை எடுப்பீர்களா, வண்டி நேராகும்வரை அழுத்தியே வைத்திருப்பீர்களா? பின் பிரேக்கை அளவோடு மிதிக்கக் காலைப் பழக்கும் பயிற்சி ஏதேனும் இருந்தால் அதையும் விளக்குங்கள்.