புதுப்பிப்பு: இரண்டு தலைப் பையன் பாதி பிடிபட்டான்

போன மாதம் புலம்பியிருந்தேன்: நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1998 ஆல்பமான 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ'யை மூன்று முறை கேட்டும் ஒன்றும் புரியவில்லை, பாடகர் ஜெஃப் மங்கம் கத்துவது காதைக் குடைகிறது என்று. 'வரிகளை விடு, சத்தத்தைக் கேள்' என்றார்கள் சிலர்.

சரி, கேட்டேன். தலைப்புப் பாட்டில் பேய் முனகுவதுபோல் வருவது ரம்பமாம்! மரம் அறுக்கிற ரம்பத்தை வளைத்துப் பிடித்து வில்லால் இழைக்கிறார்கள். அது தெரிந்தபின் அந்தப் பாட்டை மட்டுமே பத்துமுறை ஓட்டினேன்.

அப்புறம்தான் வரிகளுக்கு வந்தேன். மங்கம் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து உலுக்கப்பட்டவர். ஹாலந்தில் ஒளிந்திருந்து, பிடிபட்டு, 1945இல் நாஜி முகாமில் இறந்த யூதப் பெண் அவள். ஆல்பத்தில் 'ஹாலந்து, 1945' என்ற பாட்டின் தலைப்பு உடனே திறந்துகொண்டது. ஆனால் துக்கத்தைப் போய் இவ்வளவு துள்ளலாகவா பாடுவது? முதலில் எரிச்சல், இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளில் வருகிற, கண்ணாடிக்குள் மிதக்கும் இரண்டு தலைப் பையன் யாரென்று இன்னும் தெரியவில்லை. அவனைப் பற்றிய இரண்டாம் பாட்டோடுதான் ஆல்பம் முடிகிறது. கடைசியில் மங்கம் கிதாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகும் சத்தம்கூடக் கேட்கிறது. ஹெட்போனில் கேளுங்கள்.