இத்தாலிய 'ஜோக்கோ'வுக்குத் தமிழ்: ஆட்டமா, இடைவெளியா, விடுவெளியா?

பேட்டை (மோட்டார் மெக்கானிக் வகுப்பு)

அனைவருக்கும் வணக்கம். இத்தாலிய எஞ்சின் கையேட்டின் ஆங்கிலப் படியை வைத்துத் தமிழில் எழுதிய பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஆங்கிலப் படியே பல இடத்தில் தப்பு. இத்தாலியனில் 'கோப்பியா' என்றால் சோடி, முறுக்குவிசைக்கும் (டார்க்) அதே சொல்தான். ஹெட் போல்ட்டுக்கு உரிய டார்க், 'இறுக்கும் சோடி' என்று வந்திருக்கிறது. வால்வு திறந்து மூடும் ஒழுங்கைச் சொல்வது 'டிஸ்ட்ரிபுட்சியோனே'. டைமிங் செயினை 'விநியோகச் சங்கிலி' ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் திருத்தியாச்சு. 'ஜோக்கோ'தான் நிற்கிறது.

வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) நுழைகிற சந்து, கிரவுன், பினியன் என்ற சோடிப் பல்சக்கரங்களின் பல்லுக்குப் பல் உள்ள விலகல், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிற அளவு, ஸ்டீயரிங் வெறுமனே திரும்புகிற தூரம் எல்லாமே இத்தாலியனுக்கு ஜோக்கோ. ஆங்கிலம் கிளியரன்ஸ், பேக்லாஷ், எண்ட் ஃப்ளோட், பிளே என்று நாலாக உடைக்கிறது. நமக்கு ஒன்று போதுமா, நாலு வேணுமா?

தென்காசி

ஒன்றே போதும்: ஆட்டம். ஜோக்கோ என்றால் விளையாட்டு. நம் 'ஆட்டம்' சடுகுடுவுக்கும் வரும், கடையாணி தேய்ந்த சக்கரத்துக்கும் வரும். ஆங்கிலம் நாலாக உடைத்ததை நாம் ஏன் சுமக்கணும்? பட்டறையிலும் புழங்கும் சொல்தான் அது.

பாளை

ஜோக்கோவின் வேர் லத்தீன் 'யோகுஸ்'. ஆங்கில 'ஜோக்'கும் அதே வயிற்றுப் பிள்ளை. நம் பக்கம் பார்த்தால், தொல்காப்பிய உரியியலில் கெடவரல், பண்ணை இரண்டுக்கும் விளையாட்டு என்பதே பொருள். 'பண்ணை'யை மீட்டெடுத்தால் கலப்பில்லாத தனிச்சொல் கிடைக்கும். 'வால்வுப் பண்ணை' பழகப் பழக வந்துவிடும்.

பேட்டை

ஐயா, பொருநைக் கரையில் பண்ணை என்றால் நெல்லும் வாழையும்தான் பையனுக்குத் தெரியும்.

பாளை

காலத்துக்குப் பொருந்தினால் எந்தச் சொல்லையும் விலக்கவேண்டாம் என்று தொல்காப்பியம் சொல்லும் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்பது புதுச்சொல்லுக்கு மட்டுமா, பழஞ்சொல் திரும்பி வருவதற்கும் பொருந்தாதா?

அம்பாசமுத்திரம்

தென்காசி அண்ணாச்சி சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. நம்மூர்ப் பட்டறையில் 'ஆட்டம் இருக்கு' என்றால் பழுது. பையன் அதை எடுக்கப் பார்ப்பான். ஜோக்கோ பழுதல்ல, அளவு குறித்து விட்டுவைப்பது. வால்வு சூட்டில் நீளும். ஆட்டம் கூடாது என்று ராக்கரை ஒட்டத் திருகிவிட்டால், சூடானதும் வால்வு தன் சீட்டில் (மூடும்போது அமரும் வளையத்தில்) உட்காராது. கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகும். அதிகம் விட்டால் டக்டக் சத்தம், வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும். கிரவுன் பினியனும் அப்படித்தான். நெருக்கிவைத்தால் பல் எண்ணெய்ப்படலம் அறுந்து சூடேறி ஊளையிடும், தளர்த்தினால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் அடி விழும்.

கொத்தனார் சந்து விடுகிறார், தையல்காரர் துணி விட்டுத் தைக்கிறார். அந்த 'விடு'தான் இங்கே உயிர். என் சொல் 'விடுவெளி'.

தென்காசி

விடுவெளி கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சொல். அந்த வெளியில் எது நகர்கிறது என்று அது சொல்லாது. கிளட்சை மிதித்தால் கிராங்க் முன்னே நகரும். அந்த நகர்வைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் டயல் கேஜ் (முள் வைத்த அளவுமானி) முள் அதைக் காட்டும். அங்கே கண்ணுக்குத் தெரிவது அசைவு. வெளி எங்கே தெரிகிறது?

வள்ளியூர்

ஒன்று விட்டுப்போச்சு. ஃபியட்டின் மல்டிஜெட் 1248 சி.சி. டீசல் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட். எண்ணெய் அழுத்தமே வால்வு இடுக்கை நிரப்பிவிடும், ஃபீலர் கேஜுக்கு வேலை இல்லை. பழைய ஃபியட் 1100, 1089 சி.சி., அதில் கையால்தான் வைக்கணும். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் எந்தச் சொல் வைத்தாலும் குழப்பம்தான். முதலில் பத்தியைப் பிரியுங்க.

பேட்டை

பத்தியைப் பிரித்தாச்சு. அசையாமல் நிற்க ஃபீலர் கேஜில் அளப்பது 'இடைவெளி', அசைத்துப் பார்த்து டயல் கேஜிலோ கையாலோ அளப்பது 'ஆட்டம்'. இப்படி அச்சுக்குக் கொடுக்கிறேன். பண்ணையை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன் ஐயா.

அம்பாசமுத்திரம்

எனக்குச் சம்மதமில்லை, பதிந்து வையுங்க. குறைந்தது ஒன்று செய்யலாம். கிரவுன் பினியன் பக்கத்தில் 'ஆட்டம் இருக்கவேண்டும்' என்று வருகிற இடத்தில் 'ஆட்டம் விடவேண்டும்' என்று மாற்றிவிடுங்க, தம்பி.

பேட்டை

மாத்தியாச்சு.