புதுப்பிப்பு: சுயமாகப் பதிப்பிப்பவர்களின் புத்தகங்களைப் பரிசாகக் கொடுத்தேன்

பதிப்பகம் இல்லாமல் தாங்களே புத்தகம் போடுகிறவர்களின் நூல்களை விடுமுறைப் பரிசாகத் தரலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஐந்து பேருக்கு வாங்கினேன். நான்கு புத்தகங்கள் நேரத்துக்கு வந்தன. ஐந்தாவது, ஆர்டர் போட்ட பிறகே அச்சாகும் வகை. இருப்பில் இருக்காது, அச்சும் பைண்டிங்கும் முடிந்துதான் கிளம்பும். கடைசி வாரத்தில் வாங்குகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

கவிதைத் தொகுப்பை மட்டும் எழுதியவரிடமே வாங்கினேன். யாருக்கு என்று கேட்டு, முதல் பக்கத்தில் அக்கா பெயரை நீல மையில் எழுதி அனுப்பியிருந்தார். எதிர்ப்பக்கத்தில்கூட மை லேசாக ஒட்டியிருந்தது. அக்கா அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கடைக்கு விற்பனைக் கழிவு போகாததால் பணமும் எழுதியவருக்கே கூடுதலாகச் சேரும். படித்ததும் நாலு வரி விமர்சனம் எழுதும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது புத்தகம் நேற்றுதான் வந்தது. நாளைக்குக் கொடுக்கிறேன்.