1991 என்எஸ்எக்ஸ், 68 ஆயிரம் மைல், 1,05,000 டாலர் சொல்றாங்க, தகுமா?

டல்லாஸ்பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கண்ணு வச்சிருக்குற வண்டி, அக்யூரா என்எஸ்எக்ஸ் (ஹோண்டா கம்பெனி அமெரிக்கால அக்யூரா பேர்ல வித்த ஸ்போர்ட்ஸ் கார்), 1991, சிவப்பு, மேனுவல் கியர், 68 ஆயிரம் மைல். பக்கத்துல ஒரு டீலர்கிட்ட நிக்குது, 1,05,000 டாலர் சொல்றாரு. நெட்டுல தேடுனா இதே வருஷத்து வண்டி ஒருத்தர் 70 ஆயிரம் போட்டிருக்காரு, இன்னொருத்தர் 1,40,000 போட்டிருக்காரு, எதைத்தான் நம்புறதுன்னே புரியல. டீலர் வேற "இது கார் இல்ல சார், இன்வெஸ்ட்மெண்ட்"ங்குறாரு, அந்த டயலாக்கை வீட்ல போய் சொன்னா எனக்கு சோறு கெடைக்காது. நெஜமா இது என்ன வெலை போகும்?

கியர்குமாரு:
தல, விளம்பரத்துல இருக்குறது வெலையே இல்ல, விக்கிறவரோட ஆசை. வித்து முடிஞ்சதை மட்டும் பாருங்க. பிரிங் எ டிரெய்லர்னு ஆன்லைன் கார் ஏல சைட்ல பழைய ஏலம் பூரா ஃபோட்டோ, கமெண்டோட அப்படியே கெடக்கு. கடைசி ஒரு வருஷத்துல போன 91, 92 மேனுவல் மட்டும் எடுங்க, ரிசர்வ் (விக்கிறவர் வச்ச கொறஞ்சபட்ச வெலை) தொடாம நின்னு போனதையும் சேர்த்துக்கோங்க, அதுல கடைசியா கேட்ட வெலையும் ஒருத்தன் குடுக்க ரெடியா இருந்த காசு தானே. வாங்குறவர் சைட்டுக்கு கட்டுற பையர் ஃபீ தனி. ஆட்டோமேட்டிக்கை கலக்காதீங்க, அதுல பவரே 252 தான், மேனுவல்ல 270, ரேட்டும் நல்லாவே கம்மி. 2021, 22 ரேட்டை எடுத்து காட்டுனா ஒத்துக்காதீங்க, அப்ப எல்லா வண்டியும் தாறுமாறா ஏறி கெடந்துச்சு.

பழையஸ்பானர்:
குமாரு சொல்றது சரி, ஆனா ஏல ரேட்டு பாதி கதை தான், மீதி அந்த வண்டிக்குள்ள இருக்கு. பாண்டி சார், மொதல்ல கியர்பாக்ஸ் நம்பரை வாங்குங்க. 91லயும் 92ல கொஞ்சம் வண்டியிலயும் கியர்பாக்ஸ் கேஸுக்குள்ள ஒரு ஸ்னாப் ரிங் (ஷாஃப்ட்டை எடத்துல புடிச்சு வைக்கிற வளையம்) உக்கார்ற பள்ளத்தை அளவு பிசகி வெட்டிட்டாங்க, அந்த ரிங் ஒடைஞ்சா ஷாஃப்ட் நகர்ந்து கேஸையே தின்னுடும். எந்த நம்பர்லருந்து எந்த நம்பர் வரைக்கும்னு என்எஸ்எக்ஸ் வச்சிருக்குற எல்லாருக்கும் மனப்பாடம். உங்க வண்டி அதுக்குள்ள வந்து, கேஸ் மாத்துன பில்லும் இல்லன்னா, அந்த வேலைக்கான காசை வெலையிலயே கழிச்சுடணும்.

ரெண்டாவது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். "68 ஆயிரம் தானே ஓடியிருக்கு, 90 ஆயிரத்துல மாத்துனா போதும்"னு டீலர் சொல்வாரு. மைல் மட்டும் கணக்கு இல்ல, ஓடாம நின்னாலும் வருஷக்கணக்கு இருக்கு. பெல்ட் அறுந்தா பிஸ்டன் போய் வால்வை இடிக்கிற இன்ஜின் அது, அப்புறம் அழ வேண்டியது தான்.

மூணாவது பாடி. முழுக்க அலுமினியம், சாதா ஷாப்ல தட்டி எடுக்க முடியாது. பானட், ஃபெண்டர், கதவு, பம்பர் எல்லாத்துலயும் உள்பக்கம் வின் நம்பர் (அந்த வண்டிக்கே உரிய அடையாள நம்பர்) ஸ்டிக்கர் இருக்கும். டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாருங்க. வின் இல்லாம "ஆர் டாட்"னு ஸ்டிக்கர் இருந்தா அந்த பேனல் மாத்துனது, எதுக்கு மாத்துனாங்கன்னு கேளுங்க. கார்ஃபேக்ஸ் (வண்டியோட பழைய விபத்து, சர்வீஸ் ரிப்போர்ட்) சுத்தமா இருக்குன்னு நம்பி உக்காந்துடாதீங்க, இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணாம கைக்காசுல சரி பண்ணதெல்லாம் அதுல வராது. ஏசி கண்ட்ரோல் யூனிட்ல கெப்பாசிட்டர் கசியும், போஸ் ஸ்பீக்கர் ஆம்ப்பும் அதே கேஸ், ரெண்டும் சில்லறை செலவு, பேரத்துக்கு ஆகும்.

டொரொண்டோ_தம்பி:
அண்ணை, இஞ்ச கனடாவில 15 வருஷம் பழசெண்டால் ஜப்பானில இருந்து இறக்கலாம், அதால ஹோண்டா பேரிலயே வலப்பக்க ஸ்டியரிங் வண்டியள் எப்பவோ வந்திட்டுது. உங்களுக்கு அங்க 25 வருஷம். 91 எண்டபடியால் இப்ப உங்களுக்கும் அது திறந்துதான் கிடக்கு, ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ. ஆனா திரும்ப விக்கேக்க அமெரிக்கால இடப்பக்க ஸ்டியரிங்குக்குத்தான் ஆள் கூட.

கணக்குப்புள்ள:
அந்த இன்வெஸ்ட்மெண்ட் பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1991ல இது புதுசா 60 ஆயிரம் டாலர் சொச்சம். வெலைவாசி ஏத்தத்தை போட்டு பாத்தா இன்னிக்கு 1,40,000 பக்கம் வருது. அப்ப டீலர் கேக்குற 1,05,000 கெடைச்சாலும் மொதல்ல வாங்குனவருக்கு நஷ்டம் தான், இதுல இத்தனை வருஷ இன்சூரன்ஸ், டயரு, சர்வீஸ் எல்லாம் தனி. பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி யாரும் சீண்டாதப்ப 40 ஆயிரத்துக்குள்ள வாங்குனானே, அவன் தான் சம்பாதிச்சான். 1988ல என்ஸோ ஃபெராரி செத்ததும் ஃபெராரி எல்லாம் ராக்கெட் மாதிரி ஏறி, 90க்கு அப்புறம் விழுந்த வேகத்துல கடன் வாங்கி வாங்குனவங்க கதி என்னாச்சுன்னு தேடி படிங்க. ஓட்ட ஆசைன்னா வாங்குங்க. இன்சூரன்ஸ் மட்டும் அக்ரீட் வேல்யூவுல (வண்டிக்கு இவ்ளோன்னு முன்னாடியே பேசி வைக்கிறது) எடுங்க, சாதா பாலிசில தேய்மானம் கழிச்சு கையில சில்லறை குடுப்பான். ஊருக்கு, இந்தியாவுக்கு கொண்டு போற நெனப்பிருந்தா இப்பவே விட்டுடுங்க, 3 வருஷத்துக்கு மேல ஆன யூஸ்டு கார், அதுவும் லெஃப்ட் ஹேண்ட், கஸ்டம்ஸ்லயே நின்னுடும்.

டல்லாஸ்பாண்டி:
போய் பாத்துட்டு வந்தேன். கியர்பாக்ஸ் நம்பர் அந்த ரேஞ்சுக்குள்ள தான் வருது, கேஸ் மாத்துன பேப்பர் இல்ல. பெல்ட் கடைசியா 2014. இடது ஃபெண்டர்ல ஆர் டாட், "பார்க்கிங்ல யாரோ உரசிட்டாங்க"ன்னாரு, மத்ததெல்லாம் ஒரிஜினல் ஸ்டிக்கர். பெயிண்ட் அருமை, உள்ள லெதர் டிரைவர் சீட் ஓரத்துல மட்டும் வெடிச்சிருக்கு. ஹேகர்ட்டில (பழைய வண்டிக்கு ரேட்டு போடுற கம்பெனி) வண்டி நெலைமைக்கு நாலு கிரேடு போட்டிருக்கான், இது எதுல வரும்?

பழையஸ்பானர்:
டீலர் 2ன்னு சொல்வாரு, நீங்க 3ன்னு வைங்க. 1 தான் உசத்தி, அது கார் ஷோவுல நிக்கிற பளபளப்பு வண்டிக்கு. 3க்கு போட்டிருக்குற ரேட்டுல பெல்ட், கியர்பாக்ஸ் ரெண்டுக்கும் எஸ்டிமேட் வாங்கி கழிங்க, நானா இருந்தா 80 ஆயிரத்தை தாண்ட மாட்டேன். ஃபெண்டர் ஒண்ணுக்காக வண்டியை விடாதீங்க, ஆனா அந்த பக்கம் சஸ்பென்ஷன் மௌண்ட்டை லிஃப்ட்ல ஏத்தி பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. எஸ்டிமேட்டை பேப்பரா கையில வச்சுக்கிட்டு பேசுங்க, வாயால சொன்னா "அதெல்லாம் ஓடும் சார்"னு முடிச்சுடுவாரு.

கியர்குமாரு:
மாசக்கடைசில போங்க தல, அப்ப தான் எறங்குவாங்க.