510510-க்கு ஒரு பெயர் வேண்டும்

அட்டனிலிருந்து ஆசிரியை:
அன்புடையீர், தரம் 10 பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். அதில் 510510 என்ற எண்ணை வைத்திருக்கிறேன். 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய முதல் ஏழு முதன்மை எண்களின் பெருக்கம் அது. 714-ஐ 715-ஆல் பெருக்கினாலும் அதே எண்தான். காரணிகள் மொத்தம் 128. எந்த முதன்மைக் காரணியும் இரண்டாம் முறை வருவதில்லை. ஆகவே 4, 9, 25 என்று 1-ஐவிடப் பெரிய எந்த வர்க்கத்தாலும் அது மீதியின்றி வகுபடாது. இந்தப் பண்புக்குச் சொல் வேண்டும். கரும்பலகையில் 'வர்க்கமற்ற எண்' என்று எழுதினேன். "மே தினக் கூட்டத்தில் பேசுவார்களே, அந்த வர்க்கமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

மாத்தளையிலிருந்து:
வர்க்கம் வடசொல். சதுரமும் அப்படியே, நான்கைக் குறிக்கும் 'சதுர்' அதன் வேர். 'பகா எண்' எவ்வளவு அழகு! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அவ்வழியே 'அடுக்கா எண்' என்போம். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இல்லை. அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் உண்டு. 12-இல் (2 × 2 × 3) 2 இருமுறை வருகிறது, பிரித்தாலும் ஒவ்வொன்றும் 2-தான். ஆகவே அது அடுக்கு. 510510-இல் அடுக்கே இல்லை.

பண்டாரவளையிலிருந்து:
ஐயா, "இது அடுக்குமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் எதற்குக் கேட்பார்கள்? தகாத காரியத்துக்கு. அடுக்கா எண் என்றால் தகாத எண் என்றுதான் என் காதில் விழுகிறது. பகா எண் தமிழ்நாட்டு வழக்கு. நம் பாடநூலில் முதன்மை எண். பரீட்சை எழுதப்போவது பிள்ளைகள். 'வர்க்கக் காரணியற்ற எண்' நீளம்தான், ஆனால் படித்ததும் புரியும்.

மாத்தளையிலிருந்து:
1-உம் வர்க்கமே. அது எல்லா எண்ணுக்கும் காரணி. உங்கள் பெயர்ப்படி அப்படி ஓர் எண்ணே கிடையாது.

புசல்லாவையிலிருந்து:
'அற்ற' வேண்டாம். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் பாட்டனாரை 'நாடற்றவர்' என்று எழுதினார்கள். இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்தில், காலையில் பேர் கூப்பிடும்போது ஒருவர் பேர் ஒரு தடவைதான் வரும். இந்த எண்ணும் அப்படித்தான். 'தனிக்காரணி எண்' என்று வைக்கலாமே?

பண்டாரவளையிலிருந்து:
நல்ல சொல். ஆனால் ஒரே ஒரு காரணி உள்ள எண் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அட்டனிலிருந்து ஆசிரியை:
தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'வர்க்கக் காரணியற்ற எண்' என்று போட்டு, அடியில் '1 நீங்கலாக' என்று சேர்த்தேன். பெரட்டுக்கள உதாரணத்தை வகுப்பில் சொன்னேன், மே தினம் பற்றிக் கேட்ட பிள்ளைதான் முதலில் புரிந்துகொண்டு, 18 ஏன் சேராது என்று தானே சொன்னாள்: "3-இன் பேரை இரண்டு தடவை கூப்பிட வேண்டும்."

புசல்லாவையிலிருந்து:
அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்து. 'அற்ற' என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. 510510-ஐ 19-ஆல் பெருக்கினால் 9699690. அதற்கும் இதே பண்பு உண்டு. அந்த எண்ணை வைக்கும் தாள் எப்போது அச்சுக்குப் போகிறது என்று முன்கூட்டியே எழுதுங்கள்.